எல்லைக்கோடு கிழக்கே நகர்ந்தபோது

2023 நவம்பர் 6 அன்று போலந்து லாரிக்காரர்கள் உக்ரைன் எல்லையில் சாலையை மறித்தார்கள். தொரோஹுஸ்க், ஹ்ரெபென்னே, கொர்ச்சோவா என்று மூன்று இடங்களில் தொடங்கிய மறியலில் அந்த மாதம் முடிவதற்குள் மெடிகாவும் சேர்ந்துகொண்டது. ராணுவத் தளவாடங்களுக்கும் நிவாரணப் பொருட்களுக்கும் வழிவிட்டார்கள். மற்ற சரக்கு லாரிகள் மணிக்குச் சில என்ற கணக்கில்தான் நகர்ந்தன. கோரிக்கையில் குழப்பமே இல்லை. போருக்கு முன் உக்ரைன் லாரிகள் போலந்துக்குள் வர பர்மிட் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை பர்மிட் என்பதை இரண்டு நாடுகளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு போட்ட சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம் அந்த முறையை நீக்கிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவா என்றார்கள். உக்ரைனில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் எங்கள் வண்டிகளை உங்கள் மின்னணு வரிசையில் நாள்கணக்கில் நிறுத்தாதே என்றார்கள். வெளியாட்கள் குறைந்த கூலிக்கு ஓட்டி எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்றார்கள்.

இந்தச் செய்தி மனதை விட்டு இறங்காததற்குக் காரணம், மறித்தது போலந்து என்பது. 2008 மே மாதம் ஸ்வீடனைச் சேர்த்துக்கொண்டு, உக்ரைன் உட்பட ஆறு கிழக்கு நாடுகளுக்கு ஒன்றியத்தின் சந்தையையும் விசாவையும் திறந்துவிட வேண்டும் என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸில் திட்டம் வைத்த நாடு அது. 2022இல் எல்லைக்கு வந்த உக்ரைன் பெண்களையும் குழந்தைகளையும் கேள்வி கேட்காமல் வீடுகளில் தங்கவைத்த நாடும் அதுதான். பேருந்தில் ஏறும்வரை "இன்னும் இடம் இருக்கு" என்பவர், ஏறியதும் "இடமில்லை" என்பார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த விளக்கம் பாதியைத்தான் சொல்கிறது. திறந்துவிடச் சொன்னதற்கும் மறித்ததற்கும் காரணம் ஒன்றே: போலந்தின் எல்லை உக்ரைன் எல்லை, போலந்துக்கு ஒன்றியத்தில் ஓட்டு இருக்கிறது. ஒன்றியம் ஒவ்வொரு முறை விரியும்போதும் எல்லைக்கோடு மட்டும் நகர்வதில்லை. அந்தக் கோட்டுக்கு அப்பால் யார் நண்பர், யார் போட்டியாளர், யார் உறவுக்காரர், யாரோடு பழைய பகை என்று ஒரு முழுக் கணக்கே உள்ளே வருகிறது. பிரஸ்ஸல்ஸின் அண்டை நாட்டுக் கொள்கை என்பது பெரும்பாலும் கடைசியாக உள்ளே வந்தவர்களின் கணக்குதான். 

ஆரஞ்சும் கழிவுநீரும்

கிழக்கில்தான் இப்படி என்றில்லை. 1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்தன. அதுவரை பிரெஞ்சு, ஜெர்மன் சந்தைகளில் மொராக்கோவின் தக்காளியும் ஆரஞ்சும் ஸ்பெயினின் தக்காளியோடும் ஆரஞ்சோடும் வெளியில் நின்று போட்டி போட்டன. இனி ஸ்பெயின் உள்ளே, மொராக்கோ வெளியே. மறுவருடமே மொராக்கோ மன்னர் இரண்டாம் ஹசன் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் போட்டார். ஐரோப்பிய நாடு இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். ஆனால் அதே ஸ்பெயின்தான் 1995 நவம்பரில், தன் தலைமைப் பொறுப்புக் காலத்தில், ஒன்றியத்தின் 15 நாடுகளையும் மத்தியதரைக் கடலின் 12 நாடுகளையும் பார்சிலோனாவில் ஒன்றாக உட்காரவைத்தது. கிழக்குக்கே எல்லாப் பணமும் போய்விடுமோ என்ற கவலை அதற்கு இருந்தது. ஆரஞ்சுக்குப் போட்டியாளர், பணத்துக்கு வழக்கறிஞர். இரண்டும் ஒரே நாடு.

1995இல் பின்லாந்து சேர்ந்ததும் ஒன்றியத்துக்கு ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் நேரடி எல்லை வந்தது. 1997இல் பின்லாந்துப் பிரதமர் பாவோ லிப்போனென், வடக்கில் ரஷ்யாவோடு சேர்ந்து வேலை செய்ய வடக்குப் பரிமாணம் என்ற திட்டத்தை முன்வைத்தார். அதன் பலன்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் சாக்கடையில் பெரும்பங்கு சுத்திகரிக்கப்படாமலேயே நேவா ஆற்றிலும் பின்லாந்து வளைகுடாவிலும் கலந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் எதிர்க்கரையில் ஹெல்சின்கிவரை போகும். பணம் திரட்டி நகரத்தின் தென்மேற்கில் ஒரு பெரிய நிலையத்தைக் கட்டி முடித்து 2005இல் திறந்தார்கள். பாரிஸுக்கும் ரோமுக்கும் அந்தச் சாக்கடை ஒருபோதும் ஒரு வெளியுறவுப் பிரச்சினையாகத் தெரிந்திருக்காது. 

நாற்காலி மட்டும் கிடையாது

2004 மே 1 அன்று 10 நாடுகள் ஒரே நாளில் சேரப்போகின்றன என்று முடிவானபோது, அடுத்த வரிசையில் நிற்பவர்களுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி வந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரொமானோ புரோடி 2002 டிசம்பரில் ஒரு பதில் வைத்தார்: நிறுவனங்களில் இடம் தவிர மற்ற எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வோம், நம்மைச் சுற்றி நண்பர்களின் வளையம் ஒன்றை உருவாக்குவோம். 2003 மார்ச்சில் அது கொள்கை அறிக்கையாக வந்தது. அதில் ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் மூன்றும் ஓர் அடிக்குறிப்பில் விலக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில் மக்கள் போராடி ஆட்சியை மாற்றிய ரோஜாப் புரட்சி நடந்தது. அடுத்த ஜூனில் மூன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். ரஷ்யா தனக்கு இந்த வரிசையே வேண்டாம், தனி உறவு போதும் என்று ஒதுங்கியது. மீதி 16 நாடுகள், மொராக்கோ முதல் அஜர்பைஜான் வரை, ஒரே கொள்கைக்குள் வந்தன.

வேலை செய்த முறையைக் கவனிக்க வேண்டும். புதிய உறுப்பினர்களைச் சேர்க்கப் பயன்பட்ட அதே கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு செயல்திட்டம், நீதிமன்றம் முதல் கால்நடை மருத்துவம் வரை செய்யவேண்டிய சீர்திருத்தப் பட்டியல், அவ்வப்போது ஒரு முன்னேற்ற அறிக்கை. போலந்திலும் ஹங்கேரியிலும் அந்தக் கருவிகள் பலித்ததற்கு அடியில் இருந்தது உறுப்பினர் ஆகலாம் என்ற நம்பிக்கை. வலிக்கும் சீர்திருத்தத்தைச் செய்து தேர்தலில் தோற்கும் அரசியல்வாதிகூட "ஐரோப்பாவில் சேர்த்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பரிசை எடுத்துவிட்டுப் பட்டியலை மட்டும் நீட்டினால் எந்த அமைச்சர் உள்ளூர்ப் பெருமுதலாளியைப் பகைத்துக்கொள்வார்? என்னைக் கேட்டால், கொள்கையின் மூலக்கோளாறு இதுதான். பணம் போதவில்லை என்பதெல்லாம் இரண்டாவது. 

அதே சமயம் விரிவாக்கத்தின் செலவை அண்டை நாட்டு மக்கள் முதல் நாளிலிருந்தே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதுவரை உக்ரைன்காரர்கள் விசா இல்லாமல் போலந்துக்குப் போய்வந்தார்கள். ஒன்றியத்தின் விதிப்படி 2003 அக்டோபர் 1 முதல் விசா கட்டாயம். வார்சாவும் கீவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டன: போலந்துக்காரர்களுக்கு விசா தேவையில்லை, உக்ரைன்காரர்களுக்கு விசா இலவசம். 2007 டிசம்பர் 21 அன்று போலந்து, உள் எல்லைகளில் சோதனை இல்லாத ஷெங்கன் வளையத்துக்குள் வந்ததும் அந்த இலவசமும் போனது. கட்டணம் 35 யூரோ. எல்லையோர மக்களுக்காக 2009 ஜூலையில் ஒரு சிறப்பு அனுமதி அட்டை வந்தது. அது எல்லையிலிருந்து 30 கிலோமீட்டர், சில இடங்களில் 50 கிலோமீட்டர் வரை வசிப்பவர்களுக்கு மட்டும். லிவிவ் நகரம் சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது. மேற்கு உக்ரைனின் மிகப்பெரிய நகரம், போலந்தோடு நூற்றாண்டுகளாகக் கலந்து வாழ்ந்த நகரம், அந்தச் சலுகைக்கு வெளியே நின்றது.

மெடிகாவில் நடந்து கடக்கும் பாதை ஒன்று உண்டு. உக்ரைனில் சிகரெட் மலிவு, போலந்தில் விலை அதிகம். அந்த வித்தியாசத்தில் இரண்டு பக்கத்து ஏழைகளும் பிழைத்தார்கள். அவர்களைப் போலந்தில் எறும்புகள் என்பார்கள். 2008 டிசம்பரில் தரைவழியாக ஒருவர் கொண்டுவரக்கூடிய சிகரெட்டை 40 ஆகக் குறைத்தார்கள், அதாவது இரண்டு பாக்கெட். அதோடு ஒரு லிட்டர் வோட்கா. இரண்டு பாக்கெட்டுக்காகவும் ஒரு பாட்டிலுக்காகவும் ஒருவர் வரிசையில் மணிக்கணக்கில் நிற்கிறார் என்றால், அண்டை நாட்டுக் கொள்கை என்பது அவர் கண்ணுக்கு அந்த வரிசைதான். 

ஆனாலும் புதியவர்கள் வந்ததால் கிழக்கு நோக்கிய கண் திறந்தது என்பதை மறுக்க முடியாது. 2004 நவம்பரில் கீவில் தேர்தல் மோசடியை எதிர்த்து லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தபோது, உள்ளே வந்து ஏழே மாதம் ஆன இரண்டு நாடுகளின் அதிபர்கள், போலந்தின் குவாஷ்னியெவ்ஸ்கியும் லிதுவேனியாவின் ஆதம்குஸும், கீவுக்குப் போய் சமரச மேசையில் உட்கார்ந்தார்கள். ஒன்றியத்தின் வெளியுறவுப் பிரதிநிதி ஹாவியேர் சொலானா அவர்களோடு சேர்ந்துகொண்டார். 2008இல் பிரான்ஸ் அதிபர் சர்கோசி மத்தியதரைக்கடல் நாடுகளுக்கு ஒரு தனிக் கூட்டமைப்பைத் தூக்கிப் பிடித்தபோது, தெற்குக்கு ஒன்று என்றால் கிழக்குக்கும் ஒன்று வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர்களான போலந்தின் சிகோர்ஸ்கியும் ஸ்வீடனின் கார்ல் பில்டும் திட்டத்தோடு வந்தார்கள். ஆகஸ்டில் ரஷ்யப் படை ஜார்ஜியாவுக்குள் புகுந்தது வேலையை வேகப்படுத்தியது. 2009 மே 7 அன்று பிராகில் அந்தத் திட்டம் கிழக்குப் பங்காளிமை என்ற பெயரில் தொடங்கியது. ஆறு நாடுகளுக்குமாக 2013 வரை ஒதுக்கிய தொகை 600 மில்லியன் யூரோ. 

2013 இலையுதிர்காலம்

எல்லாம் திரும்பிய இடம் 2013. அந்த நவம்பரில் லிதுவேனியாவின் வில்னியஸில் உச்சி மாநாடு. ஒன்றியத்தோடு வர்த்தகத்தையும் விதிகளையும் பிணைக்கும் இணைப்பு ஒப்பந்தத்தில் உக்ரைன் கையெழுத்திட வேண்டும், ஜார்ஜியாவும் மால்டோவாவும் பேச்சு முடிந்ததற்கு அடையாளமான முன்னொப்பம் இடவேண்டும். ஆர்மீனியா ஜூலையிலேயே பேச்சை முடித்து வைத்திருந்தது. பிரஸ்ஸல்ஸ் இதை ஒரு வணிகச் சட்ட வேலையாகவே பார்த்தது. சுங்கவரி அட்டவணை, உணவுச் சுகாதார விதிகள், தொழில்நுட்பத் தரங்கள். மாஸ்கோ பார்த்தது வேறு. 

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பலரும் தாண்டிப்போய்விடுகிறார்கள். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வேறு, சுங்க ஒன்றியம் வேறு. ஒரு நாடு இரண்டு, மூன்று, பத்துத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில்கூட இருக்கலாம். வெளியாட்களுக்கு எவ்வளவு வரி என்பதை அது தானே முடிவு செய்கிறது. உக்ரைன் ரஷ்யாவோடும் மற்ற முன்னாள் சோவியத் நாடுகளோடும் அப்படி ஒன்றில் ஏற்கெனவே இருந்தது. ஐரோப்பாவோடு இன்னொன்று போட்டுக்கொள்வதில் சட்டச் சிக்கல் இல்லை. சுங்க ஒன்றியத்தில் அது முடியாது. அங்கே எல்லா உறுப்பினருக்கும் வெளிவரி ஒன்றே, அதைத் தனியாக மாற்ற யாருக்கும் உரிமை இல்லை. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் வைத்திருந்த சுங்க ஒன்றியத்தில் சேர்ந்த நாடு பிரஸ்ஸல்ஸோடு வரிக்குறைப்பு ஒப்பந்தம் போடவே முடியாது. ஆக இரண்டில் ஒன்று என்ற நிலை வந்தது. இந்த நாடுகளை அந்தத் தேர்வுக்கு முன் நிறுத்துகிறோம் என்பதைப் பிரஸ்ஸல்ஸில் எத்தனை பேர் உரக்கச் சொன்னார்கள்? 

மாஸ்கோ உரக்கவே சொன்னது. ஜூலை கடைசியில் உக்ரைனின் ரோஷன் சாக்லேட்டுக்குத் தரமில்லை என்று தடை. அதன் உரிமையாளர் பெட்ரோ போரோஷென்கோ அடுத்த ஆண்டு உக்ரைன் அதிபரானார். ஆகஸ்ட் நடுவில் உக்ரைன் ஏற்றுமதியாளர்கள் எல்லோரையும் ரஷ்யச் சுங்கத்துறை சந்தேகப் பட்டியலில் போட, லாரிகளும் ரயில் பெட்டிகளும் எல்லையில் தேங்கின. செப்டம்பர் 3 அன்று ஆர்மீனிய அதிபர் சர்கிசியன் மாஸ்கோவுக்குப் போனவர், சுங்க ஒன்றியத்தில் சேர்கிறோம் என்று அங்கேயே அறிவித்தார். பல ஆண்டுப் பேச்சு ஒரே நாளில் வீணானது. அதே மாதம் மால்டோவாவின் ஒயினுக்குத் தடை. அக்டோபரில், மாநாட்டை நடத்தப்போகும் லிதுவேனியாவின் பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் தடை. ஒயின் விஷயத்தில் மட்டும் ஒன்றியம் சட்டென்று அசைந்தது. 2014 ஜனவரியிலிருந்து மால்டோவா ஒயினுக்கு வரி, அளவு இரண்டையும் நீக்கியது. பக்கத்திலேயே, அதே மொழி பேசும் ருமேனியா உறுப்பினராக இருந்தது அந்த நாட்டின் பாக்கியம். 

உக்ரைன் நவம்பர் 21 அன்று பின்வாங்கியது. சேமிப்பு கரைந்து, கடன் தவணைகள் நெருங்கியிருந்த நேரம். ஒன்றியம் வைத்திருந்தது 610 மில்லியன் யூரோக் கடன்; அதுவும் சர்வதேச நிதியத்தின் திட்டம் கையெழுத்தானால்தான். நிதியமோ வீடுகளுக்கான எரிவாயுக் கட்டணத்தை உயர்த்து என்றது. டிசம்பர் 17 அன்று புதின் 1,500 கோடி டாலர் கடன் தருகிறேன் என்றார். எரிவாயு விலையை 1,000 கனமீட்டருக்கு 268.5 டாலராகக் குறைத்தார். எந்தச் சீர்திருத்தப் பட்டியலும் கேட்கவில்லை. உக்ரைனின் அப்போதைய அதிபர் யனுகோவிச் கணக்குப் போட்டது புரிகிறது. அவர் கணக்கில் வராதது கீவின் மைதான் சதுக்கத்தில் கூடிய மக்கள். அவர்களுக்கு அந்த ஒப்பந்தம் சுங்கவரி அட்டவணையாகத் தெரியவில்லை, எந்த மாதிரி நாட்டில் வாழப்போகிறோம் என்பதற்கான பதிலாகத் தெரிந்தது. அதற்காக உயிர் கொடுத்தார்கள். அதன் பிறகு ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தது, கிழக்கே தொன்பாஸில் போர் மூண்டது, 2022இல் முழுப் படையெடுப்பு. நாற்காலி தவிர எல்லாம் என்ற சூத்திரம் அந்தக் குளிர்காலத்திலேயே செத்துவிட்டது என்பது என் கருத்து. ஆனால் பிரஸ்ஸல்ஸ் அதை ஒப்புக்கொள்ள 2022 ஜூன் 23 வரை ஆனது. அன்றுதான் உக்ரைனுக்கும் மால்டோவாவுக்கும் வேட்பாளர் நிலை, அதாவது உறுப்பினராகும் வரிசையில் ஓர் இடம், கொடுத்தார்கள். ஜார்ஜியாவுக்கு 2023 டிசம்பரில் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதன் அரசே 2028 முடியும்வரை சேர்க்கைப் பேச்சு வேண்டாம் என்று அறிவித்து, தலைநகர் திபிலிசியின் வீதிகளை எதிர்ப்புக் காட்டிய மக்களால் நிறைத்தது.

ஒரு கை தூக்காவிட்டால்

வேட்பாளர் நிலைக்குப் பிறகுதான் உள்ளே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் முழு பலம் தெரியும். பேச்சைத் தொடங்க, ஒவ்வொரு தொகுப்பைத் திறக்க, ஒவ்வொரு அத்தியாயத்தை மூட, கடைசியில் ஒப்பந்தத்தை ஏற்க, எல்லாவற்றுக்கும் ஒருமித்த சம்மதம் வேண்டும். ஒன்றியத்தின் விதிகளைத் துறைவாரியாகப் பிரித்த அத்தியாயங்கள் 35; அவற்றைச் சேர்த்துக் கட்டியவை தொகுப்புகள். ஒவ்வொரு படியும் யாரோ ஒருவர் நிறுத்திவைக்கக்கூடிய படி. 2004இல் சேர்ந்த ஸ்லோவீனியா, பிரான் வளைகுடாவின் கடல் எல்லைத் தகராறுக்காகக் குரோவேஷியாவின் பேச்சை 2008 டிசம்பரிலிருந்து பல மாதம் முடக்கியது. அதே ஆண்டு சேர்ந்த சைப்ரஸ், துருக்கியின் பல அத்தியாயங்களைத் திறக்கவே விடவில்லை. வடக்கு மாசிடோனியாவின் கதை மனதை வருத்துவது. கிரேக்கத்துக்காக 2018இல் உடன்பாடு செய்து நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 2020 நவம்பரில் பல்கேரியா வரலாற்றையும் மொழியையும் காட்டி மறித்தது. 2022இல் ஒரு சமரசம் வந்தது, நிபந்தனை: பல்கேரியர்களை அரசியல் சாசனத்தில் சேர்க்க வேண்டும். இந்தச் சண்டைகள் எதுவும் விரிவாக்கத்தால் பிறந்தவை அல்ல. ஆனால் ஒரு பக்கம் உள்ளே, மறுபக்கம் வெளியே என்று ஆனதும் சண்டை சமபலத்தில் நடப்பதில்லை. இந்த அநியாயத்தைத் தடுக்க ஒன்றியத்திடம் இன்றும் வழி இல்லை. 2023 டிசம்பர் 14 அன்று உக்ரைனோடு பேச்சைத் தொடங்கும் முடிவுக்கு, ஹங்கேரியின் அப்போதைய பிரதமர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போய்விட, மற்ற 26 பேரும் சம்மதம் சொன்னார்கள். ஒரு கண்டத்தின் எதிர்காலம் ஒருவர் எழுந்து வெளியே போவதில் தொங்குகிறது. 

கோழி நெஞ்சும் கோதுமையும்

மறுபடி போலந்து எல்லைக்கு வருவோம். யனுகோவிச் போன பிறகு உக்ரைனோடு போட்ட அந்த இணைப்பு ஒப்பந்தத்தில் தொழிற்சாலைப் பொருட்கள் தாராளமாக வந்தாலும், விவசாயப் பொருட்களுக்குக் கோட்டா உண்டு. போருக்கு முன் வரியில்லாமல் வரக்கூடிய தேன் ஆண்டுக்கு 5,000 டன்னில் தொடங்கி 6,000 டன் வரை இருந்தது. கோதுமை 9,50,000 டன்னில் தொடங்கி 10 லட்சம் டன். தேன் கோட்டா ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் முழு வரி. கோழியில் ஒரு வேடிக்கை நடந்தது. எலும்பில்லாத நெஞ்சுக்கறிக்குக் கோட்டா. ஆனால் "பிற துண்டுகள்" என்ற சுங்கக் குறியீட்டுக்குக் கோட்டா இல்லை. உக்ரைன்காரர்கள் நெஞ்சுக்கறியோடு இறக்கை எலும்பின் ஒரு துண்டை ஒட்டவிட்டு வெட்டினார்கள். அது "பிற துண்டு" ஆனது, வரியில்லாமல் வந்தது, ஒன்றியத்துக்குள் வந்ததும் எலும்பை எடுத்துவிட்டு நெஞ்சுக்கறியாக விற்றார்கள். 2019இல் அந்த ஓட்டையை அடைத்து, பதிலுக்குக் கோட்டாவில் 50,000 டன் கூட்டி மொத்தம் 70,000 டன் ஆக்கினார்கள். 

போர் வந்ததும் 2022 ஜூனில் இந்தக் கோட்டாக்களை எல்லாம் தூக்கிவிட்டார்கள். நல்ல மனதோடு செய்த வேலை, ஆனால் தண்டவாளத்தின் அகலத்தை யோசிக்கவில்லை. கருங்கடல் துறைமுகங்கள் முடங்கியதால் தானியம் தரைவழியே வந்தது. உக்ரைனின் தண்டவாளம் 1,520 மி.மீ., போலந்தினுடையது 1,435 மி.மீ. எல்லையில் ஒரு ரயிலிலிருந்து இன்னொன்றுக்குத் தானியத்தை மாற்ற வேண்டும், அல்லது பெட்டியின் சக்கரத் தொகுதியைக் கழற்றி மாற்ற வேண்டும். பால்டிக் துறைமுகங்கள்வரை கொண்டுபோய் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்ற நினைத்த தானியத்தில் ஒரு பகுதி கிழக்குப் போலந்தின் கிடங்குகளிலேயே தங்கி விலையை இறக்கியது. 2023 ஏப்ரலில் போலந்து, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா தடை போட்டன. மே 2 அன்று ஆணையமே கோதுமை, மக்காச்சோளம், கடுகு இனமான ரேப்சீட், சூரியகாந்தி விதை நான்கையும் எல்லையோரத்து ஐந்து நாடுகளில் விற்கக் கூடாது, கடந்து மட்டும் போகலாம் என்று உத்தரவு போட்டது. செப்டம்பர் 15இல் அது காலாவதியானபோது முதல் மூன்று நாடுகளும் தங்கள் தடையைத் தொடர்ந்தன. 2024 பிப்ரவரியில் மெடிகாவில் போராடிய போலந்து விவசாயிகள் ரயில் பெட்டியைத் திறந்து தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். பசியின் வரலாறு அறிந்த இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடந்த அந்தச் செயலை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கிடங்கு நிரம்பி விலை விழுந்த விவசாயிக்கு நஷ்டஈடு சரியான நேரத்தில் போயிருந்தால் பாதி ஆத்திரம் அடங்கியிருக்கும் என்றும் நினைக்கிறேன்.

உக்ரைன் சேரும் நாள் வந்தால் இந்தத் தகராறுகளெல்லாம் சேர்க்கை ஒப்பந்தத்தில் இடைக்காலக் கட்டுப்பாடுகளாக எழுத்தில் வரும். போலந்தே அப்படித்தான் சேர்ந்தது. அதன் தொழிலாளர்களுக்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 ஏப்ரல் 30 வரை, முழு ஏழு ஆண்டுகள், வேலைச் சந்தையைத் திறக்கவில்லை. விவசாயிகளுக்கான நேரடி மானியம் 2004இல் பழைய உறுப்பினர்கள் பெற்றதில் 25 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஏறியது. தன் பங்குக்குப் போலந்து, வெளிநாட்டவர் தன் விளைநிலத்தை வாங்குவதற்கு 12 ஆண்டுக் கட்டுப்பாடு வாங்கிக்கொண்டது. உக்ரைன் தானியத்துக்கும் லாரிக்கும் இதைவிட நீண்ட இடைக்காலம் கேட்கும் நாடுகளில் முதலாவதாக வார்சா இருக்கும். கீவில் பேச்சு நடத்துபவர்கள் இப்போதே அந்த எண்களை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. 

கிழக்கு நாடுகள் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்க்கை வரிசைக்கு மாறிவிட்டதால், அண்டை நாட்டுக் கொள்கை என்ற பெயரில் பெரும்பாலும் எஞ்சியிருப்பது தெற்கு. அங்கிருந்து யாரும் உள்ளே வரப்போவதில்லை, மொராக்கோவின் 1987 விண்ணப்பத்துக்குச் சொன்ன பதில் இன்றும் அதுவே. ருமேனியா மால்டோவாவுக்காகப் பேசுவதுபோல துனீசியாவுக்காகப் பேச உள்ளே எவரும் இல்லை. இத்தாலியும் மால்டாவும் ஸ்பெயினும் அந்தக் கரையைப் பார்ப்பது அங்கிருந்து கிளம்பும் படகுகளின் வழியாக. 2023 ஜூலை 16 அன்று ஆணையத்தின் தலைவரும் இத்தாலி, நெதர்லாந்துப் பிரதமர்களும் துனிஸில் போட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பொருளாதாரம், வர்த்தகம், பசுமை எரிசக்தி, மக்கள் தொடர்பு, குடிபெயர்வு என்று ஐந்து தலைப்புகள் உண்டு. எல்லைக் காவலுக்கும் படகுகளைத் தடுப்பதற்கும் சொன்ன தொகை 105 மில்லியன் யூரோ. எதிரே உட்கார்ந்திருந்த அதிபர் கைஸ் சயீத் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றத்தை முடக்கியவர். 2003இல் எழுதிய சீர்திருத்தப் பட்டியலை அந்த மேசையில் யாரும் எடுத்து வைக்கவில்லை.